ப.எண் 14, பு.எண் 31

சென்னையின் பழைய தெருக்களில் ஏதாவது ஒரு வீட்டு கேட்டின் முன்னால் நின்று பாருங்கள். காம்பவுண்ட் சுவரில் நாலைந்து எண்களாவது இருக்கும். மாநகராட்சி ஆணியடித்துவிட்டுப் போன தகடு ஒன்று. வீட்டுக்காரர் தன் செலவில் கிரானைட்டில் வெட்டிவைத்தது இன்னொன்று. மீட்டர் பெட்டியின் மேல் பெயிண்டால் எழுதிய மின் இணைப்பு எண். கணக்கெடுப்புக்கு வந்தவர்கள் நிலைக்கு மேலே மையால் போட்டுவிட்டுப் போனது. கொசு ஒழிப்புப் பணியாளர்கள் தொட்டியைத் திறந்து பார்த்துவிட்டுச் சுவரில் கிறுக்கிய தேதிகள். கேபிள்காரர் தன் வசதிக்கு எழுதிய ஏதோ ஒன்று. இவற்றில் கதவு எண் எது என்று உள்ளூர்க்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அதை வரைபடத்தில் ஏற்ற உட்காரும்போதுதான் தொல்லை ஆரம்பிக்கும். ஏனென்றால் வரைபடம் ‘எண் என்ன’ என்று மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்ளாது. அந்த எண் எதைச் சேர்ந்தது என்றும் கேட்கும்.

நான் ஏற்றுவது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில். 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிவைத்தது. யார் வேண்டுமானாலும் திருத்தலாம், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். எங்களுக்குள் ஓஎஸ்எம். அதில் ஒரு கட்டடமோ கடையோ வெறும் கோடும் புள்ளியும்தான். அது என்ன என்பதைச் சொல்வது அதன்மேல் ஒட்டும் டேக்குகள். முகவரிக்கென்று இருக்கும் டேக்குகள் எல்லாம் ‘அட்ர்’ என்று தொடங்கும்: அட்ர்:ஹவுஸ்நம்பர், அட்ர்:ஸ்ட்ரீட், அட்ர்:பிளேஸ், அட்ர்:சிட்டி, அட்ர்:போஸ்ட்கோட், இப்படி ஒரு நீண்ட வரிசை. இனி அந்த முன்னொட்டை விட்டுவிட்டே எழுதுகிறேன். 2008இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் கூடிப் பேசி இதன் அடிப்படையை வகுத்தார்கள். அதனால் கார்ல்ஸ்ரூ முறை என்றே பெயர். ஜெர்மன்காரர்கள் வகுத்தது என்பது பார்த்தவுடனே தெரியும்: ஒவ்வொரு வீடும் ஒரு தெருவில் இருக்கிறது, ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு பெயர் இருக்கிறது, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே ஓர் எண் இருக்கிறது. மூன்றும் நம் ஊரில் உறுதியில்லை.

நான் இதற்குள் வந்தது 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது. மூழ்கிய தெருக்களை மக்களே குறித்துவந்த ஒரு வரைபடம் ஓஎஸ்எம் மேல் போடப்பட்டிருந்தது. அந்த வாரம் வாட்ஸப்பில் வந்த உதவிக் கோரிக்கைகளைப் படித்தபோது, அவற்றில் இருந்த முகவரிகள் எனக்குப் புதிதாக இல்லை. அதற்கு முன்னால் பல வருடம் மாம்பலத்தில் ஒரு கூரியர் அலுவலகத்தில் பார்சல் பிரித்துக்கொண்டிருந்தவன் நான். பார்சல் பிரிப்பவன் முகவரியைக் கீழிருந்து மேலே படிப்பான். முதலில் பின்கோடு, அதில் மூட்டை முடிவாகிவிடும். அடுத்து ஏரியா, பிறகு தெரு, கடைசியாகத்தான் கதவு எண். ஆளின் பெயரைப் படிப்பது டெலிவரிப் பையன். எழுதுபவர் மேலிருந்து கீழே ஒரு கதையாக எழுதியதை நாங்கள் தலைகீழாகப் பிரித்துத் தனித்தனித் தட்டில் போடுவோம். ஓஎஸ்எம் முகவரி டேக்கும் அந்த வேலைதான், தட்டுகளுக்குப் பெயர் மட்டும் வேறு.

புதிதாக வருபவர்கள் கிடைத்த தட்டையெல்லாம் நிரப்பப் பார்ப்பார்கள். சிட்டி, சப்டிஸ்ட்ரிக்ட், டிஸ்ட்ரிக்ட், ஸ்டேட் என்று ஒரு டீக்கடைக்கு எட்டு டேக். நான் அவர்களிடம் சொல்வது ஒன்றுதான்: வரைபடம் தானாகக் கண்டுபிடித்துக்கொள்வதை எழுதாதே, அதற்குத் தெரிய வழியில்லாததை எழுது. மாவட்ட எல்லை ஏற்கெனவே கோடாக வரைந்திருக்கிறது; புள்ளி எந்தக் கோட்டுக்குள் விழுகிறது என்று பார்க்க இயந்திரத்துக்குத் தெரியும். ஆனால் முனை வீட்டின் எண் எந்தத் தெருவின் வரிசையில் வருகிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? கேட் சந்துப் பக்கம் இருக்கும், எண் மெயின் ரோட்டைச் சேர்ந்ததாக இருக்கும். ஓஎஸ்எமில் முகவரி தேடித்தரும் நாமினாட்டிம் என்ற மென்பொருள், ‘ஸ்ட்ரீட்’ டேக்கில் இருக்கும் பெயரைப் பக்கத்துத் தெருக்களின் பெயர்களோடு ஒப்பிட்டு வீட்டை அந்தத் தெருவோடு சேர்க்கும். பெயர் இல்லையென்றாலோ பொருந்தவில்லையென்றாலோ மிக அருகில் இருக்கும் சாலையோடு ஒட்டிவிடும். முனை வீடு சந்தோடு போய்விடும். சந்தில் அதே எண்ணில் வேறொரு வீடும் இருக்கும்.

பழைய எண், புதிய எண் விவகாரத்துக்கு வருகிறேன், சென்னையில் பாதி நேரத்தைத் தின்பது இதுதான். மாநகராட்சி தெருக்களுக்கு மறுபடி எண் போட்டது, ஜனங்கள் பழையதை விடவில்லை. அதனால் விசிட்டிங் கார்டு முதல் கல்யாணப் பத்திரிகை வரை இரண்டையும் அச்சடிக்கிறார்கள்: ப.எண் 14, பு.எண் 31. இதில் இருக்கும் கண்ணி, அதே தெருவில் கொஞ்சம் தள்ளி இன்னொரு வீட்டில் பு.எண் 14, ப.எண் 6 என்று இருக்கும் என்பது. ஆக அந்தத் தெருவில் 14ஆம் எண் வீடு இரண்டு. இரண்டும் உண்மை. எங்கள் பகுதித் தபால்காரர் ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். “புது நம்பர் ரேஷன் கார்டுல இருக்கும் தம்பி, பழைய நம்பர் வாய்ல இருக்கும். ரெண்டுல எதைச் சொன்னாலும் நான் ஆளு பேரைத்தான் பாப்பேன்” என்றார். அவருக்கு அது போதும். தேடல் மென்பொருளுக்கு ஆளைத் தெரியாது, தெரியவும் கூடாது.

சிலர் 14;31 என்று இரண்டையும் அரைப்புள்ளி போட்டு ‘ஹவுஸ்நம்பர்’ டேக்கிலேயே வைத்துவிடுகிறார்கள். ஓஎஸ்எம் வழக்கில் அரைப்புள்ளிக்கு ஒரு பொருள் உண்டு: இந்த இடத்துக்கு இரண்டு எண்களும் இப்போது செல்லும். இரண்டு மனையைச் சேர்த்துக் கட்டிய கல்யாண மண்டபத்துக்கு 14;16 என்று போடுவது சரி. பழையதையும் புதியதையும் அப்படிப் போட்டால், 14ஐத் தேடுகிறவருக்கு இந்த வீடும் வரும், உண்மையான புது 14ஆம் வீடும் வரும். நான் தகட்டில் இருக்கும் புதிய எண்ணை ‘ஹவுஸ்நம்பர்’ டேக்கில் போட்டு, பழையதை ‘ஓல்டு’ என்ற முன்னொட்டு சேர்த்த தனி டேக்கில் வைக்கிறேன். தெரு முழுவதும் பழைய எண்ணையே சொன்னாலும் இதை மாற்றுவதில்லை. ஒரு தெருவில் பாதி வீட்டுக்குப் பழைய எண்ணும் பாதி வீட்டுக்குப் புதிய எண்ணும் ‘ஹவுஸ்நம்பர்’ டேக்கில் இருப்பதைவிட, எண்ணே இல்லாமல் இருப்பது மேல். தவறான எண்ணை நம்பி ஒருவர் போய் நிற்பார். எண் இல்லாவிட்டால் இறங்கி விசாரிப்பார்.

செக் நாட்டுக்காரர்களுக்கும் இரட்டை எண் உண்டு, அவர்களுடையது வேறு ரகம். பிராகில் ஒரே வீட்டில் சிவப்புத் தகடும் நீலத் தகடும் இருக்கும். சிவப்பு, அந்தப் பகுதியில் பதிவான கட்டட வரிசை எண். மரியா தெரேசா காலத்தில், 1770இல், படைக்கு ஆள் எடுப்பதற்காகத் தொடங்கிய வழக்கத்தின் மிச்சம். நீலம், தெருவில் அந்த வீடு எத்தனையாவது என்பது. இரண்டும் இன்றும் செல்லும். அதனால் அவர்களுக்காக ஓஎஸ்எமில் இரண்டு தனி டேக் உண்டாக்கிவிட்டார்கள். ‘ஹவுஸ்நம்பர்’ டேக்கில் இரண்டையும் சாய்கோடு போட்டுச் சேர்த்து எழுதுவார்கள். அதைப் பார்த்துவிட்டு நாமும் 31/14 என்று எழுதினால் என்ன என்று ஒரு கட்சி எழுந்தது. எனக்குச் சம்மதமில்லை. சாய்கோடு நம்மிடம் ஏற்கெனவே கூடுதல் வேலை பார்க்கிறது. சென்னையில் 31/14 என்றால் புதியது, பழையது. அண்ணன் தம்பி பாகம் பிரித்த வீட்டில் 14/2 என்றால் பதினாலின் இரண்டாம் பாகம். கிராமத்தில் 4/127 என்றால் நான்காம் வார்டில் 127ஆம் வீடு. கோயம்புத்தூர் பக்கம் தொழிற்சாலை போர்டுகளில் எஸ்.எஃப். எண் 212/3 என்று பார்க்கிறோம், அது சர்வே எண். நிலத்தைச் சேர்ந்தது, முகவரியே அல்ல. கடைசியில் சொன்னது ‘ஹவுஸ்நம்பர்’ டேக்கில் வந்து உட்கார்ந்திருப்பதை அடிக்கடி பார்த்து நீக்குகிறேன்.

புறநகர் மனைப் பிரிவுகளில் இதன் தம்பி ஒருவன் இருக்கிறான். ‘பிளாட் நெ. 23’ என்று கேட்டில் எழுதியிருக்கும். மனை எண்ணா, அடுக்குமாடியில் வீட்டு எண்ணா என்று எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, கட்டடத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். தனி வீடாக இருந்து, வரி போட்டுக் கதவு எண் இன்னும் வராத இடமென்றால், மனை எண்ணையே ‘ஹவுஸ்நம்பர்’ டேக்கில் வைக்கலாம். அங்கே எல்லாரும் அதை வைத்துத்தான் கூப்பிடுகிறார்கள். அடுக்குமாடி என்றால் அது ‘யூனிட்’ டேக்குக்குப் போகும். சென்னை அடுக்குமாடிகளில் ஜி1, எஃப்2, எஸ்3 என்று வரும் எழுத்திலேயே மாடி இருக்கிறது: தரைத்தளம், முதல் மாடி, இரண்டாம் மாடி. கட்டடத்துக்கு ஒரு எண் போட்டுவிட்டு, எஃப்1இல் பல் டாக்டர் இருந்தால் அவருடைய கிளினிக்குக்கு மட்டும் ஒரு புள்ளியும் யூனிட்டும் போடுவேன். குடியிருப்பவர்கள் வீட்டை ஒவ்வொன்றாகக் குறிப்பதில்லை.

தெருப் பெயர்களில் அடிப்படை விதி எளிது. வீட்டின் ‘ஸ்ட்ரீட்’ டேக்கில் இருப்பதும், வரைந்த சாலையின் ‘நேம்’ டேக்கில் இருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். கடை போர்டில் ‘மவுண்ட் ரோடு’ என்று இருக்கும்; சாலையின் பெயர் அண்ணா சாலை. மவுண்ட் ரோட்டைச் சாலையின் ‘ஓல்டு நேம்’ டேக்கிலோ ‘ஆல்ட் நேம்’ டேக்கிலோ ஒருமுறை போட்டுவிட்டால் போதும், ஒவ்வொரு கடையிலும் அதைத் திரும்ப எழுத வேண்டாம். தமிழ்ப் பெயரும் அப்படியே, சாலையில் இருந்தால் போதும். ஆனால் போர்டை அப்படியே நம்பவும் முடியாது. தி.நகரில் பாதிக் கடைகள் ‘உஸ்மான் ரோடு’ என்று மட்டும் எழுதியிருக்கும். வடக்கு உஸ்மான் சாலை வேறு, தெற்கு உஸ்மான் சாலை வேறு, இரண்டுக்கும் தனித்தனி எண் வரிசை, பின்கோடு மட்டும் ஒன்று. கூரியரில் இருந்தபோது இந்த இரண்டு சாலைகளுக்கு இடையே அலைந்த பையன்கள் எங்களை வாழ்த்திய வாழ்த்துகளை இங்கே எழுத முடியாது.

அண்ணா நகரில் போய்ப் பார்த்தால் எண் தெருவையே கைவிட்டுவிடுகிறது. ஏஇ பிளாக், டபிள்யூ பிளாக் என்று எழுத்துப் பெயர்கள், அதன் பின்னால் எண். பல வீடுகளில் அந்த வரிசை பிளாக்கைச் சேர்ந்தது, அவென்யூவைச் சேர்ந்தது அல்ல. இங்கே பிளாக் எழுத்தை எண்ணோடு சேர்த்தே ‘ஹவுஸ்நம்பர்’ டேக்கில் வைத்து, அவென்யூவை ‘ஸ்ட்ரீட்’ டேக்கில் வைக்கிறோம். ஜப்பானியர்களுக்கு இது தலைவலியே இல்லை. அங்கே பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே கிடையாது, பேட்டை, பிளாக், வீடு என்று இறங்கும். அதற்கென்றே ‘பிளாக் நம்பர்’ டேக் வைத்திருக்கிறார்கள். நம் அண்ணா நகர் ஜப்பானும் ஜெர்மனியும் பாதிப் பாதி.

இதையெல்லாம்விட எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது கிராமம். தென்காசிப் பக்கம் ஒரு நண்பரின் ஊருக்குப் போயிருந்தேன். முகவரி தெளிவாகத்தான் இருந்தது: 4/127, வடக்குத் தெரு, ஊர்ப் பெயர், அஞ்சல், வட்டம், மாவட்டம். வடக்குத் தெரு என்று இருக்கிறதே, ‘ஸ்ட்ரீட்’ டேக்கில் போட்டுவிடலாம் என்று சாலையைத் தேடினேன். அப்படி ஒரு சாலை இல்லை. ஊரின் வடக்கில் ஏழெட்டுச் சந்துகளும் ஒரு கோயிலும் ஒரு தண்ணீர்த் தொட்டியுமாக ஒரு குடியிருப்பு இருந்தது; அந்த மொத்தத்துக்கும் பெயர் வடக்குத் தெரு. நண்பரின் அத்தையிடம், “இந்தச் சந்துக்குப் பேரு என்ன அத்தை?” என்று கேட்டேன். “இதான்யா வடக்குத் தெரு” என்றார். அடுத்த சந்தைக் காட்டினேன். “அதுவும்தான். அந்தா தொட்டி தெரியுதுல்ல, அதுவரைக்கும் நம்ம தெரு.” அங்கிருந்து கிழக்கே போனால் கீழத்தெரு, அதுவும் அப்படியே ஒரு கூட்டம். தென்மாவட்டக் கிராமங்களைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. அங்கே தெரு என்பது சாலையைவிட மனிதர்களின் கூட்டம். யார் எந்தத் தெரு என்பதற்குப் பின்னால் சாதி இருக்கிறது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இந்த மாதிரி இடத்துக்குத்தான் ‘பிளேஸ்’ டேக். எண் சாலையைச் சேராமல் ஒரு குடியிருப்பையோ ஊரையோ சேரும்போது ‘ஸ்ட்ரீட்’ டேக்கை விட்டுவிட்டு ‘பிளேஸ்’ போட வேண்டும். முதலில் வடக்குத் தெரு என்ற குடியிருப்பைப் பெயரோடு ஒரு புள்ளியாக வைத்தேன், பிறகு வீடுகளின் ‘பிளேஸ்’ டேக்கில் அதே பெயர். இரண்டு டேக்கையும் சேர்த்துப் போடக் கூடாது. ஒரு வீடு ஒன்றைத்தான் சேரும். ‘தெரு’ என்ற எழுத்தை முகவரியில் பார்த்ததும் ‘ஸ்ட்ரீட்’ டேக்குக்குக் கை போவதை நிறுத்திக்கொண்டேன். வீட்டில் உட்கார்ந்து செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வரைபவர்கள் இங்கேதான் அதிகம் சிக்குகிறார்கள்: நீளமான சந்து ஒன்றைப் பிடித்து அதற்கு வடக்குத் தெரு என்று பெயர் வைத்துவிட்டு, மற்ற ஆறு சந்துகளையும் அநாதையாக்கிவிடுவார்கள்.

எண்களும் அங்கே தனிக் கதை. ஊராட்சியின் வீட்டு வரிப் பதிவேட்டில் வார்டு வாரியாகப் போட்டது. புதிதாகக் கட்டினால் பக்கத்து வீட்டு எண்ணோடு எழுத்து சேரும், 127ஏ. அதற்கும் பக்கத்தில் கட்டினால் 127ஏ1. கேட்டில் எண் இருக்காது, பல வீடுகளில் கேட்டே இருக்காது. வரி ரசீதைக் கேட்டு வாங்கிப் பார்த்து எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. சுவரில் தெரிவதை எழுதுவது ஒன்று, ஒருவர் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டும் காகிதத்தைப் பொது வரைபடத்தில் ஏற்றுவது வேறொன்று. அந்த ஊரில் எண் தெரிந்த வீடுகளுக்கு மட்டும் எண் போட்டேன்.

அதே ஊரில்தான் மாவட்ட டேக் எதற்கு வேண்டாம் என்பதற்கும் சாட்சி இருந்தது. 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டமானது. எல்லைக் கோடு வரைபடத்தில் மாறியது. அன்றிலிருந்து அந்தக் கோட்டுக்குள் இருந்த எல்லா ஊரும் கடையும் தேடலில் தென்காசி மாவட்டம். யாரோ ஆர்வக்கோளாறில் ‘டிஸ்ட்ரிக்ட்’ டேக் போட்டு வைத்திருந்த கடைகள் மட்டும் இன்னும் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தன. அதே வருடம் கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு, அடுத்த வருடம் மயிலாடுதுறை. எத்தனை டீக்கடைகளுக்குத் தேடிப்போய் மாவட்டம் மாற்றுவது? மாநில டேக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒருவர் ஒரே இரவில் ஸ்கிரிப்ட் எழுதி ஆயிரக்கணக்கான இடங்களுக்கு மாநிலப் பெயரை ஒட்டிவிட்டுப் போனார். இயந்திரம் வைத்து மொத்தமாகத் திருத்துவதென்றால் முதலில் மற்றவர்களிடம் பேசிவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்பது ஓஎஸ்எமில் எழுதிவைத்த நடைமுறை. அதைச் சொல்லித் திரும்ப எடுக்க வைத்தோம்.

‘சிட்டி’ டேக் இந்தக் கணக்கில் சேராது, அதை எழுதத்தான் வேண்டும். தாம்பரம் 2021இலிருந்து தனி மாநகராட்சி; இருப்பது செங்கல்பட்டு மாவட்டத்தில். ஆனால் மேற்குத் தாம்பரத்துக்காரர் யாரும் கடிதத்தில் சென்னை-600045 என்பதைத் தவிர வேறு எழுதி நான் பார்த்ததில்லை. வரைபடத்திலுள்ள எந்த எல்லைக் கோட்டை வைத்தும் இயந்திரம் அந்தச் ‘சென்னை’யைக் கண்டுபிடிக்க முடியாது. தபாலில் எழுதும் ஊர்ப் பெயர்தான் ‘சிட்டி’. தாம்பரத்துக்காரர்கள் சிலர் இதில் என்னோடு கோபம். எல்லைப்படி அவர்கள் தாம்பரத்தில்தான் இருக்கிறார்கள், வரைபடமும் அதைச் சொல்கிறது. உறை மட்டும் சென்னைக்குப் போகிறது.

பின்கோடும் எழுத வேண்டியதே. 1972 ஆகஸ்ட் 15 முதல் புழக்கத்தில் இருக்கும் இந்த ஆறு இலக்கங்களை வகுத்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். முதல் இலக்கம் 6 என்றால் தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி அடங்கிய தென்பகுதி. முதல் மூன்றில் பிரிப்பு மையம் வந்துவிடும். கடைசி மூன்று, கடிதத்தைக் கொண்டுவந்து கொடுக்கும் அஞ்சலகம். பழைய ஆட்கள் இன்னும் சென்னை-17, சென்னை-4 என்றுதான் எழுதுகிறார்கள், அந்தப் பழைய வட்டார எண்கள்தான் 600017, 600004 என்று ஆறிலக்கத்துக்குள் போய் உட்கார்ந்தன. அதனால் ‘சென்னை-17’ என்று போர்டில் இருந்தால் ‘போஸ்ட்கோட்’ டேக்கில் 600017 என்று விரித்து எழுதலாம். ஆனால் இந்த எல்லை தபால்காரரின் நடையில் இருக்கிறது, தரையில் எந்தக் கோடும் கிடையாது. அண்ணா சாலை மாதிரி நீளச் சாலை ஒன்று பல அஞ்சலகங்களின் கைக்குள் போகிறது, எனவே சாலையைப் பார்த்துப் பின்கோடு ஊகிக்க முடியாது. போர்டும் ஏமாற்றும்: கிளை வைத்திருக்கும் கடைக்காரர்கள் எல்லாக் கிளைக்கும் ஒரே மாதிரி போர்டு அடிப்பதில் தலைமைக் கடையின் பின்கோடு வந்துவிடும். பக்கத்துக் கடைகள் இரண்டு மூன்றின் போர்டைப் பார்க்காமல் நான் போஸ்ட்கோட் போடுவதில்லை. வேறு வரைபடச் செயலியைத் திறந்து பார்த்து எழுதுவது மட்டும் கூடவே கூடாது. அது அவர்களுடைய உரிமைச் சொத்து, அங்கிருந்து எடுத்தது தெரிந்தால் முழுவதையும் அழித்துவிடுவார்கள்.

நம் முகவரியின் உயிர் இவை எதிலும் இல்லை என்பார்கள் சிலர். ‘பிள்ளையார் கோயில் எதிரில்’, ‘பஸ் ஸ்டாண்டு பின்புறம்’, ‘லிபர்ட்டி அருகில்’. இதற்கு எந்த டேக் என்று ஒவ்வொரு மேப்பிங் கூட்டத்திலும் யாராவது கேட்டுவிடுவார்கள். போன முறை கேட்டது ஒரு கல்லூரி மாணவி. “அண்ணா, எதிரில்னு ஒரு டேக் இருக்கா?” முழு முகவரியையும் ஒரே வரியில் கொட்டிவைக்க ‘ஃபுல்’ என்ற டேக் இருக்கிறது. போட்டால் கேட்பாரில்லை, ஆனால் தேடல் அதைப் பிரித்துப் புரிந்துகொள்ளாது. நான் அவரிடம் சொன்னது: பிள்ளையார் கோயிலை வரைந்துவிடுங்கள், எதிரில் என்பதைப் படம் சொல்லும். அவர் விடவில்லை. “லிபர்ட்டி தியேட்டரே இல்லையே அண்ணா, இடிச்சாச்சே?” சரியான கேள்வி. தியேட்டர் இல்லை, லிபர்ட்டி பஸ் ஸ்டாப் இருக்கிறது. கண்டக்டர் அப்படித்தான் கூவுகிறார். பஸ் ஸ்டாப்பைப் பெயரோடு வைத்தால் லிபர்ட்டி வரைபடத்தில் இருக்கிறது. ஜெமினி ஸ்டுடியோ போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது, ஜனங்கள் இன்னும் ஜெமினி என்று சொல்லும் மேம்பாலம் அரசுக் கணக்கில் அண்ணா மேம்பாலம். ஆனால் ‘ஆல்ட் நேம்’ டேக்கில் ஜெமினி இல்லாமல் ஒரு ஆட்டோக்காரருக்கும் அந்த வரைபடம் உதவாது.

கள வேலைக்குப் போகும்போது காலையில் போவது நல்லது. கோலம் போட, செடிக்குத் தண்ணீர் விட யாராவது வெளியே இருப்பார்கள், கேட்டால் சொல்வார்கள். மத்தியானம் ஆளில்லாத தெருவில் ஒரு ஆள் ஒவ்வொரு கேட்டாக நின்று போனைக் காட்டினால் சந்தேகம் வரத்தான் செய்யும். “யாருப்பா நீ, லோன் ஆபீஸா?” என்று ஒரு அம்மா மாடியிலிருந்து கேட்டார். இல்லைம்மா, மேப் போடுகிறேன் என்றால், “அப்போ எங்க தெருவுல ரோடு போடுவாங்களா?” என்பது அடுத்த கேள்வி. ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்று ஒரு செயலி இருக்கிறது. நடந்துபோகும்போது பக்கத்துக் கட்டடத்தின் எண் என்ன என்று போனில் கேட்கும், தட்டினால் போதும். எனக்கு அதைவிட எண்களை வாயால் சொல்லிப் பதிவுசெய்துகொண்டு வீட்டில் ஏற்றுவது வசதி. படம் எடுக்காததால் சண்டையும் குறைவு.

வீட்டுப் பெயருக்கு ‘ஹவுஸ்நேம்’ டேக் உண்டு. கேட்டில் ‘அன்பகம்’ என்று இருந்தால் எழுதலாம். அதன் கீழே இருக்கும் வக்கீலின் பெயரையும் பட்டங்களையும் எழுதக் கூடாது. அவர் வீட்டிலேயே அலுவலகம் வைத்திருந்தால் அந்த அலுவலகத்துக்கு எழுதலாம். சுவரில் எல்லாரும் படிக்கும்படி இருப்பதுதானே என்று வாதிடுவார்கள். தெருவில் போகிறவர் படிப்பதும் உலகமே தேடிப் பார்ப்பதும் எனக்கு ஒன்றாகத் தெரியவில்லை.

இப்போது கையில் இருக்கும் வேலை வேறு. 2025 அக்டோபரில் தெரு, ஊர்ப் பெயர்களிலிருந்து சாதிப் பெயர்களை நீக்கத் தமிழ்நாடு அரசு ஆணை போட்டது. வேண்டிய வேலைதான். ஆனால் ஆணையைப் படித்துவிட்டு உட்கார்ந்த இடத்தில் பெயர் மாற்றக் கூடாது. எந்தத் தெருவுக்கு என்ன புதுப் பெயர் என்று பலகை ஏறட்டும். ஏறியதும் சாலையின் ‘நேம்’ மாறும், பழையது ‘ஓல்டு நேம்’ டேக்குக்குப் போகும், பழைய பெயரைத் தேடி வருபவருக்கும் தெரு கிடைக்கும். அதோடு முடியாது. அந்தத் தெரு வீடுகள் ஒவ்வொன்றிலும் ‘ஸ்ட்ரீட்’ டேக் பழைய பெயரோடு நிற்கும். ஓவர்பாஸ் என்ற வினவல் கருவியில் அந்தப் பெயரைக் கொடுத்து, தெருவைச் சுற்றி இருக்கும் வீடுகளை மட்டும் பொறுக்கி எடுத்து, ஒரே திருத்தத்தில் மாற்ற வேண்டும். ஊர் முழுக்கத் தேடி மாற்றினால் வேறு பேட்டையில் அதே பெயரில் இருக்கும் தெருவும் சேர்ந்து மாறிவிடும், அங்கே பலகை இன்னும் ஏறியிருக்காது.

இன்னொரு கேள்வியும் இப்போது எல்லாக் கூட்டத்திலும் வருகிறது. 2025இல் அஞ்சல் துறை டிஜிபின் என்று ஒன்று கொண்டுவந்திருக்கிறது. நாடு முழுவதையும் ஏறத்தாழ நாலு மீட்டருக்கு நாலு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்குப் பத்து எழுத்தும் எண்ணுமாக ஒரு குறியீடு. இதை டேக்காகப் போடலாமா? வேண்டாம் என்கிறேன். அது அட்சரேகை, தீர்க்கரேகையிலிருந்து கணக்குப்போட்டு வருவது. புள்ளியை வைத்த மாத்திரத்தில் இயந்திரத்துக்கு அது தெரிந்துவிடுகிறது. புள்ளியைச் சரியாக, கேட்டுக்கு நேராக வைப்பதில்தான் நம் வேலை இருக்கிறது. மேலும் அந்தக் குறியீட்டுக்கு உயரம் கிடையாது. எஃப்2 வீடும் அதன் தலைக்கு மேலே இருக்கும் எஸ்2 வீடும் ஒரே கட்டத்தில்தான் விழும். அவற்றைப் பிரிக்க இன்னமும் ‘யூனிட்’ டேக்தான்.